கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கினால் தாமதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கான ஆலோசனைகள் வந்திருந்தன. உணவு, உறக்கம், தடுப்பூசி என்று எல்லாவற்றையும் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் பற்றி ஒரே ஒரு வரி: கர்ப்பம் உறுதியானதும் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்று. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நரம்புக் குழாய்க் குறைபாட்டை, அதாவது கருவின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய் மூடாமல் போவதைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், கர்ப்பம் உறுதியான பிறகு தொடங்கும் மாத்திரை பெரும்பாலான பெண்களுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது.

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும்தான் என் வேலை. ஏறக்குறைய எல்லா அம்மாக்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டாக்டர் சொன்ன மாத்திரையை நான் ஒரு நாள்கூட விடவில்லையே, அப்புறம் ஏன் இப்படி?" எப்போது தொடங்கினீர்கள் என்று கேட்டால் இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் என்பார்கள். அவர்கள் சொன்னபடிதான் செய்தார்கள், சொல்லப்பட்டதே தாமதமாகத்தான்.

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். கரு உருவான மூன்றாவது வாரத்தில், பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகிற திசு ஒரு தட்டையான தகடாகத்தான் இருக்கிறது. அதன் இரு ஓரங்களும் பாய் சுருட்டுவதுபோல மேலே எழும்பி, நடுவில் சந்தித்து ஒட்டி, ஒரு குழாயாகின்றன. ஒட்டுவது கழுத்துப் பகுதியில் சுமார் 22ஆம் நாளில் தொடங்கி மேலும் கீழுமாகப் பரவுகிறது. தலைப்பக்கத்து வாய் 25, 26ஆம் நாள் வாக்கில் மூடிவிடும், கீழ்ப்பக்கம் 28ஆம் நாளுக்குள் மூடிவிடும். இந்த நாட்கள் எல்லாம் கருத்தரித்ததிலிருந்து எண்ணப்படுபவை. மாதவிலக்கு 28 நாட்களுக்கு ஒருமுறை ஒழுங்காக வரும் பெண்ணுக்கு, நாள் தள்ளிப்போனது தெரியும்போதே கருவுக்கு இரண்டு வார வயது ஆகியிருக்கும். அதிலிருந்து இன்னும் இரண்டே வாரத்தில் குழாய் மூடும் வேலை முடிந்துவிடுகிறது. நாள் ஒழுங்காக வராத பெண்ணுக்குச் சந்தேகம் வருவதற்கே அந்த இரண்டு வாரம் போய்விடும். வீட்டில் சோதித்து, ஒரு முறைக்கு இரண்டு முறை உறுதி செய்து, வீட்டில் சொல்லி, மருத்துவரிடம் நாள் வாங்கி, முதல் ஸ்கேன் எடுத்து, மாத்திரைச் சீட்டு கைக்கு வரும்போது பெரும்பாலும் எட்டு வாரம், பத்து வாரம் ஆகியிருக்கும். மூடவேண்டியது அதற்குள் மூடியிருக்கும், மூடாதது இனி எந்த மாத்திரையாலும் மூடாது.

தலைப்பக்கம் மூடாமல் போனால் மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாது. அனென்செஃபலி என்று சொல்கிறார்கள். அந்தக் குழந்தைகள் வயிற்றிலேயே இறந்துவிடுகின்றன, அல்லது பிறந்து சில மணி நேரமோ சில நாட்களோதான் உயிரோடு இருக்கின்றன. கீழே எங்காவது மூடாமல் போனால் அது ஸ்பைனா பைஃபிடா. மூடாத இடம் எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்குக் கால்களின் பலமும் உணர்வும் பாதிக்கப்படுகின்றன. உலகம் முழுக்க ஆண்டுதோறும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள் இப்படிப் பாதிக்கப்படுவதாக மதிப்பிடுகிறார்கள்.

ஸ்பைனா பைஃபிடா என்றால் கால் நடக்காது, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கால் ஒரு பகுதிதான். திறந்திருக்கும் முதுகைப் பிறந்த ஓரிரு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்து மூடவேண்டும், இல்லையென்றால் தொற்று ஏறிவிடும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு மூளையின் பின்பகுதி கீழே இறங்கி, தலையில் நீர் கோத்துக்கொள்கிறது. அதை வடிக்க ஷன்ட் என்ற மெல்லிய குழாயை வைப்பார்கள், அது அடைத்துக்கொண்டால் மறுபடி அறுவை சிகிச்சை. சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது, தேங்கிய நீர் மேலே ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கேத்தீட்டர் என்ற சுத்தமான மெல்லிய குழாயை விட்டுச் சிறுநீரை வெளியேற்றும் முறையை ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1972இல் எழுதி வெளியிட்டார், அதற்குப் பிறகுதான் இந்தக் குழந்தைகளில் பலர் சிறுநீரகம் கெடாமல் பெரியவர்களாக முடிந்தது. மலச்சிக்கல் இருக்கும். உணர்வு இல்லாத காலில் செருப்பு உரசிப் புண்ணாகி, அது ஆழமான பிறகுதான் தெரியவரும். பலருக்கு ரப்பர் கையுறை, பலூன் போன்ற லேடெக்ஸ் பொருட்கள் ஒத்துக்கொள்ளாது. ஒரு தாய் இவ்வளவையும் கற்றுக்கொண்டு, அலுக்காமல், ஆண்டுக்கணக்கில் செய்கிறாள். நான் பார்த்ததிலேயே பெரிய உழைப்பு அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இந்தக் குறைபாட்டைத் தடுக்கவேண்டும் என்று நான் எழுதுவதை, இந்தக் குழந்தைகள் பிறந்திருக்கவே கூடாது என்று யாரும் படித்துவிட வேண்டாம். ஸ்பைனா பைஃபிடா உள்ள பிள்ளைகள் பெரும்பாலோர் நல்ல அறிவுத்திறனோடு வளர்கிறார்கள், காலைத் தாங்கும் காலிப்பர் போட்டோ சக்கர நாற்காலியிலோ பள்ளிக்குப் போகிறார்கள், படிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், திருமணம் செய்துகொள்கிறார்கள். தவிர்க்கக்கூடிய வலியைத் தவிர்ப்பது வேறு, வந்துவிட்ட குழந்தையை மதிக்காமல் இருப்பது வேறு. சொல்லப்போனால் ஃபோலிக் அமிலத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லுங்கள் என்று என்னிடம் அதிகம் வற்புறுத்துவது இந்தப் பிள்ளைகளின் பெற்றோர்தான்.

ஃபோலிக் அமிலத்தின் கதை கர்ப்பிணிகளிடமிருந்தே தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920களின் இறுதியில் பம்பாய்க்கு வந்து, துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்று 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் பின்னர் ஃபோலேட் (அதன் மாத்திரை வடிவம்தான் ஃபோலிக் அமிலம்) என்று அடையாளம் காணப்பட்டது, 1941இல் பசலைக்கீரையின் இலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கருவின் குறைபாடுகளுக்கும் தாயின் ஃபோலேட் குறைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பிரிட்டனில் எலிசபெத் ஹிப்பர்டும் ரிச்சர்ட் ஸ்மிதெல்ஸும் 1965இல் எழுதினார்கள். அப்புறமும் சந்தேகம் தீர இன்னொரு கால் நூற்றாண்டு ஆனது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 7 நாடுகளில் 33 மையங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 1991இல் வந்தது. ஏற்கனவே இப்படி ஒரு குழந்தையைச் சுமந்த பெண்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது குறைபாடு மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், மாத்திரை கிடைக்காத குழுவை இனியும் அப்படியே விடுவது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே, இதற்கு முன் பாதிப்பு இல்லாத பெண்களுக்கும் முதல் முறையாக வருவதைத் தடுக்க முடியும் என்று ஹங்கேரி ஆய்வு காட்டியது. சீனாவில் லட்சக்கணக்கான பெண்களிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், வெறும் 400 மைக்ரோகிராம் அளவிலேயே, பாதிப்பு அதிகமாக இருந்த வடபகுதியில் 79 சதவீதமும் குறைவாக இருந்த தென்பகுதியில் 41 சதவீதமும் குறைந்தது.

ஆகவே 400 மைக்ரோகிராம். கர்ப்பத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, முடிந்தால் இரண்டு மூன்று மாதம் முன்பிருந்து, தினமும் ஒன்று. உடம்பில் ஃபோலேட்டின் அளவு ஒரே நாளில் ஏறிவிடாது, இரத்தச் சிவப்பணுக்களில் போதுமான அளவு சேர வாரக்கணக்கில் ஆகும், அதனால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள். கர்ப்பமான பிறகு 12 வாரம் வரை விடாமல் தொடரவேண்டும். அதற்குப் பிறகும் இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள், அது தாயின் இரத்தத்துக்காக, அதுவும் தேவைதான். கர்ப்பம் தெரிந்த பிறகுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால் இன்றே தொடங்குங்கள், "நாள் போய்விட்டது, இனி எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி ஆறு வாரத்துக்குள் இருந்தால் குழாய் இன்னும் மூடாமல் இருக்கலாம்.

கீரையும் பருப்பும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவை வேண்டும், நிறையவே வேண்டும். ஆனால் உணவில் இருக்கும் ஃபோலேட் தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும், வேகவைத்த தண்ணீரோடு பாதி போய்விடும், மிஞ்சியதையும் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் அதைவிட எளிதாக உடம்பில் சேருகிறது. ஆய்வுகளில் குறைபாட்டைத் தடுத்ததாக நிரூபணமானதும் ஃபோலிக் அமிலம்தான். இப்போது இணையத்தில் "உங்கள் மரபணுவில் இந்த மாற்றம் இருந்தால் ஃபோலிக் அமிலம் வேலை செய்யாது, விலை கூடின இன்னொரு வகைதான் வேண்டும்" என்று எம்டிஹெச்எஃப்ஆர் என்ற மரபணுவின் பேரைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அந்த மாற்றம் உள்ளவர்களின் உடம்பும் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. அதற்காகத் தனிப் பரிசோதனை எடுத்துக் காசைக் கரைக்கத் தேவையில்லை.

சிலருக்கு 400 மைக்ரோகிராம் போதாது. முன்பு ஒரு கர்ப்பத்தில் இந்தக் குறைபாடு வந்திருந்தால் மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல், அவர்களுக்கு 4 மில்லிகிராம், சில நாடுகளில் 5 மில்லிகிராம், அதுவும் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே, மருத்துவரின் சீட்டோடு. அந்த அளவை எட்டுவதற்காகச் சத்து மாத்திரைகளை நாலைந்தாக விழுங்கக் கூடாது, அவற்றில் இருக்கும் வைட்டமின் ஏ அளவு மீறினால் அதுவே கருவுக்குக் கெடுதல். கணவருக்கோ மனைவிக்கோ ஸ்பைனா பைஃபிடா இருந்தாலும் இப்படித்தான் முன்பே கேட்கவேண்டும். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் உள்ளவர்கள், உடல் எடை மிக அதிகமாக உள்ளவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து கூடுதல். சர்க்கரை கட்டுப்பாட்டுக்கு வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. ஆரம்ப வாரங்களில் கடும் காய்ச்சல் வந்தால் அடக்கிக்கொண்டு இருக்காமல் குறைக்க வழி பார்க்கவேண்டும், கொதிக்கும் நீர்த்தொட்டியில் நெடுநேரம் உட்காருவதும் வேண்டாம்.

வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவின் தண்டுவடத்தை மட்டுமின்றி இதயம், முகம், பின்னாளில் பிள்ளையின் படிப்பு வரை பாதிக்கக்கூடியது. அதைச் சாப்பிடும் தாய்மார்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு ஸ்பைனா பைஃபிடா வருகிறது, மற்றவர்களோடு ஒப்பிட்டால் அது மிகப் பெரிய எண். கார்பமாசெபைனுக்கும் இதைவிடக் குறைவான அளவில் இந்த ஆபத்து உண்டு. இதைப் படித்துவிட்டு யாரும் இன்று இரவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வரும் வலிப்பு உயிரையே எடுக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் "எனக்குக் குழந்தை பெற விருப்பம் இருக்கிறது" என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொன்னால் வேறு மருந்துக்கு மெதுவாக மாற்ற வழி இருக்கிறது. மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் ஃபோலேட்டின் வேலையையே தடுப்பது. அதையும் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரின் சொற்படி நிறுத்தவேண்டும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு இந்த மருந்துகளை எழுதும் ஒவ்வொரு மருத்துவரும் இதை அவளிடமே சொல்லவேண்டும், அப்பாவிடமோ கணவரிடமோ அல்ல.

பி12 வைட்டமின் குறைவும் இந்தக் குறைபாட்டுக்கான ஆபத்தைக் கூட்டுகிறது. மாமிசம், முட்டை, பால் எதையும் தொடாதவர்கள் அதையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஃபோலிக் அமிலத்தை நாளுக்கு 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் தானாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வதும் பி12ஐ மனதில் வைத்துத்தான், பி12 குறைவால் வரும் இரத்தசோகையை அளவு மீறிய ஃபோலிக் அமிலம் மறைத்துவிடும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, கர்ப்பத்துக்கு முன்பே என்றால் யாருக்குச் சொல்வது? இங்கேதான் சிக்கல். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2022இல் சொன்ன கணக்குப்படி உலகில் ஏறக்குறைய பாதிக் கர்ப்பங்கள் திட்டமிடாதவை. திட்டமிடாதவள் மாத்திரையை எப்படி முன்கூட்டியே எடுப்பாள்? அதனால்தான் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1992இலேயே, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள எல்லாப் பெண்களும் தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கவேண்டும் என்று சொன்னது. சொன்னால் மட்டும் எல்லோரும் எடுத்துவிட மாட்டார்கள் என்பதும் விரைவிலேயே தெரிந்தது. எனவே மாவில் கலந்தார்கள். 1998 முதல் அமெரிக்காவில் செறிவூட்டிய தானிய மாவில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் கட்டாயம். கனடாவும் அதே ஆண்டு செய்தது, அங்கே குறைபாடு 46 சதவீதம் குறைந்தது. சிலி 2000இல் தொடங்கியது, ஆஸ்திரேலியா 2009இல். எனக்கு ஆற்றாமையாக இருப்பது பிரிட்டனை நினைத்துத்தான். 1991 ஆய்வை முன்னின்று நடத்தியவர்களின் நாடு, மாவில் சேர்ப்பதாக அறிவித்தது 2021இல், சட்டம் வந்தது 2024இல். உலகத்துக்கே வழி காட்டிவிட்டு, அந்த வழியில் தான் நடக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்த முப்பது ஆண்டுகளில் அங்கே பிறந்த, பிறக்காமலே போன குழந்தைகளை யார் கணக்கில் எடுத்துக்கொள்வது? 2023இல் உலக சுகாதார மன்றம் உணவைச் செறிவூட்டச் சொல்லித் தீர்மானம் போட்டபோது ஸ்பைனா பைஃபிடாவைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. தீர்மானம் நல்லது, மாவில் இறங்கினால்தான் பயன்.

குறைபாடு வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? அனென்செஃபலி பெரும்பாலும் 11 முதல் 14 வார ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். ஸ்பைனா பைஃபிடாவைப் பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் விரிவான ஸ்கேனில் கண்டுபிடிக்கிறார்கள், முதுகைப் பார்ப்பதற்கு முன்பே மண்டையோட்டின் வடிவமும் சிறுமூளையின் வளைவும் மாறியிருப்பது அனுபவமுள்ளவர் கண்ணில் பட்டுவிடும். தாயின் இரத்தத்தில் ஏஎஃப்பி என்ற புரதத்தை அளந்தும் சந்தேகிக்கலாம். தெரிந்த பிறகு அந்தத் தம்பதிக்குத் தேவை நேரமும் முழுத் தகவலும்தான். வயிற்றுக்குள் இருக்கும்போதே 26 வாரத்துக்கு முன் முதுகை மூடும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிறந்த பிறகு மூடிய குழந்தைகளில் 82 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் ஷன்ட் வைக்கப்பட்டது, முன்பே மூடியவர்களில் 40 சதவீதத்தினருக்குத்தான். குறைமாதத்தில் பிறப்பது, தாயின் கர்ப்பப்பையில் தழும்பு என்று அதற்கும் விலை உண்டு, எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை. எந்த முடிவாக இருந்தாலும் அது அவர்களுடையது. ஸ்கேன் அறையில் ஐந்து நிமிடத்தில் அந்த முடிவை எடுக்க வைப்பது கொடுமை.

அப்புறம், பழி. இந்தக் குழந்தைகளில் 95 சதவீதம் பேர் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கும் இந்தக் குறைபாடு இல்லாத பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். மாத்திரையைச் சரியான நேரத்தில், சரியான அளவில் எடுத்தும் சிலருக்கு வருகிறது, ஏனென்றால் எல்லா நரம்புக் குழாய்க் குறைபாடும் ஃபோலேட்டால் வருவதல்ல. ஆகவே தாய் எதைச் சாப்பிட்டாள், எங்கே போனாள், என்ன பாவம் செய்தாள் என்று விசாரணை வைக்கும் உறவினர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளட்டும். மாத்திரை எடுக்காத தாயும் குற்றவாளி அல்ல. அவளிடம் யாரும் அதை நேரத்தில் சொல்லவில்லை.

இனி உங்களிடம் கேட்பது. ஃபோலிக் அமிலம் பற்றிய செய்தியைக் கர்ப்பிணிகளுக்கான பக்கத்தில் மட்டும் போடாதீர்கள். கல்லூரி மாணவிகள் படிக்கும் இளைஞர் பக்கத்தில் போடுங்கள், திருமண இணைப்பிதழில் போடுங்கள், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கட்டுரையில் போடுங்கள், இரண்டாவது குழந்தைக்கு இடைவெளி விடுவது பற்றி எழுதும்போது போடுங்கள், ஏனென்றால் கருத்தடையை நிறுத்தும் நாள்தான் பல பெண்களுக்கு இந்த மாத்திரையைத் தொடங்கியிருக்கவேண்டிய கடைசி நாள். அளவை அச்சிடும்போது மி.கி., மை.கி. என்று சுருக்காமல் மைக்ரோகிராம், மில்லிகிராம் என்று முழுதாகப் போடுங்கள், இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். சென்ற வாரத்து வரிக்கு ஒரு திருத்தமும், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், இந்த வாரமே வந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட்டாக வேலை செய்யும் உங்கள் வாசகி